நுகர்வோர் கேள்வி-பதில்: குழாய் இல்லாத தரிப்பிடத்தில் பனிக்காலக் கார் கழுவல்

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கொண்டோ (அடுக்குமாடி வீடு) ஒன்றில் இருக்கிறோம். கார் நிற்பது நிலக்கீழ்த் தரிப்பிடத்தில். அங்கே குழாய் இல்லை, நிலத்தில் தண்ணீர் ஓடவும் நிர்வாகம் விடாது. கறுப்புக் கார், டிசம்பர் பிறந்தால் உப்புப் படிந்து சாம்பல் நிறமாகிவிடுகிறது. ஒரு வாளித் தண்ணீரிலேயே கழுவலாம் என்று நண்பர் சொல்கிறார். கீறல் விழாதா? என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: கழுவலாம். கவனமாகச் செய்தால் கீறல் பயமும் பெரிதாக இல்லை.

நண்பர் சொல்வது 'ரின்ஸ்லெஸ் வொஷ்' என்ற, அலசத் தேவையில்லாத கழுவல் திரவத்தை. வழமையான கார் சவர்க்காரம் நுரைக்கும். அலசாமல் விட்டால் காய்ந்து கறையாகும். இதில் நுரை இல்லையென்றே சொல்லலாம். இதிலுள்ள பொலிமர்கள் அழுக்குத் துகளைப் பிடித்துக்கொண்டு, அதற்கும் பெயின்ற்றுக்கும் நடுவே வழுக்கலாக நிற்கும். துவாயால் துடைத்து எடுத்து, உலர்த்தினால் வேலை முடிந்தது.

கடையில் 'வாட்டர்லெஸ்' என்று எழுதிய ஸ்பிரே போத்தலும் பக்கத்திலேயே இருக்கும். அதை எடுத்துவிடாதீர்கள். அது மெல்லிய தூசிக்கு மட்டும் சரி. உப்பும் மணலும் படிந்த காரில் அதை அடித்துத் துடைப்பது கீறலைக் கூப்பிடுவதுதான். அப்புறம், கலந்து வருகிற போத்தலில் நீங்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் தண்ணீருக்கு. செறிவாக வருவதையே வாங்குங்கள். பலரும் பாவிக்கிற ஒப்டிமம் நோ ரின்ஸை எடுத்தால், 7.5 லீற்றர் தண்ணீருக்கு 30 மில்லிலீற்றர் போதும். 946 மில்லிலீற்றர் போத்தல் ஏறத்தாழ 30 வாளிக்கு வரும். மக்கீஸ் 37, மெகுவயர்ஸ் போன்றவர்களிடமும் இதே வகை இருக்கிறது. கலவை அளவு வேறுபடும், போத்தலில் போட்டபடி கலக்குங்கள். கூடப் போட்டால் கூடச் சுத்தமாகும் என்று நினைக்க வேண்டாம், கண்ணாடியில் மங்கல்தான் மிஞ்சும்.

எந்தப் போத்தல் என்று ரொம்ப யோசிக்காதீர்கள். காசைத் துவாயில் போடுங்கள். கீறல் விழுவதும் விழாததும் அங்கேதான் இருக்கிறது. 40 சென்ரிமீற்றர் சதுர மைக்ரோஃபைபர் துவாய் எட்டு, உலர்த்த ஒரு பெரிய துவாய். ஓரத்தில் தடித்த தையலும் லேபலும் இல்லாததாகப் பாருங்கள். பழைய பனியன், ஸ்பொஞ்ச் இரண்டும் வேண்டாம். ஸ்பொஞ்ச் மணலை உள்ளே எடுக்காது, மேற்பரப்பிலேயே வைத்துத் தேய்க்கும். துவாயைத் தோய்க்கும்போது ஃபேப்ரிக் சொஃப்ற்னர் போடக் கூடாது. இழையில் படிந்து, தண்ணீரை உறிஞ்ச விடாமல் செய்துவிடும்.

இனி செய்முறை. வீட்டிலிருந்தே இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கலந்து, மூடியுள்ள வாளியில் லிஃப்ற்றில் கொண்டு இறங்கலாம். அரை வாளி தாராளம். எட்டுத் துவாய்களையும் அதற்குள் போடுங்கள். தனியாக 1 லீற்றர் ஸ்பிரே போத்தலில் 15 மில்லிலீற்றர் திரவத்தைக் கலந்து (இது வாளிக் கலவையைவிடக் கெட்டி), ஒரு பக்கத்துக்கு மட்டும் நன்றாக அடித்து ஒன்றிரண்டு நிமிடம் ஊற விடுங்கள். இந்த ஊறலை விட்டுவிடாதீர்கள், உப்பு இளகுவது இதில்தான். பிறகு ஒரு துவாயை எடுத்து, இலேசாகப் பிழிந்து, நாலாக மடியுங்கள். மடிப்பை மாற்றி மாற்றித் திருப்பினால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகத்தால் ஒரே திசையில் ஒரு இழுப்பு, பிறகு அடுத்த முகம். அமுக்க வேண்டாம், துவாயின் பாரமே போதும். அழுக்கான துவாயைத் திரும்ப வாளிக்குள் போடவே கூடாது, புறம்பாக ஒரு பையில் போடுங்கள். கூரையில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். கதவுகளின் அடிப்பாகமும் பின்பக்கமும் மணல் கூடிய இடம், அவை கடைசியில். சில்லுக்குத் தனித் துவாய்; அதைத் திரும்பப் பெயின்ற் பக்கம் கொண்டுவர வேண்டாம்.

ஆனால் உப்பும் மணலும் பொருக்காக ஒட்டியிருந்தால் துவாயே தொடக் கூடாது. முதலில் காசு போட்டுத் தண்ணீர் அடிக்கும் இடத்துக்குப் போய், உயர் அழுத்தத் தண்ணீரால் பொருக்கை இறக்குங்கள். அங்கே தொங்குகிற நுரைத் தூரிகையைத் தொட வேண்டாம். உங்களுக்கு முன் வந்த காரின் மணல் அதில் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். வாளிக் கழுவல் மேல்பாகத்துக்கு மட்டும்தான், ஆனால் உப்பு காரைத் தின்பது அடியிலிருந்து. ரொறன்ரோத் தெருக்களில் கொட்டுவது பெரும்பாலும் சோடியம் குளோரைட். ஒன்ராறியோவில் கல்சியம், மக்னீசியம் குளோரைட் கரைசல்களும் பாவிக்கிறார்கள்; அவை காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். கடும் உறைகுளிரில் துரு மெதுவாகத்தான் பிடிக்கும். சூடான நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் உப்புச் சேறு உருகி, ஈரமும் வெப்பமும் சேர்ந்து துருவுக்கு வசதி செய்து கொடுக்கும். கார் உள்ளே பத்திரமாக நிற்கிறது என்ற நிம்மதி உங்களுக்கு வேண்டாம். வெப்பநிலை பூச்சியத்துக்கு மேல் ஏறுகிற நாள்களில் அடிப்பாகம் கழுவும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். சில இடங்களில் பாவித்த தண்ணீரையே வடித்து மறுபடி அடிப்பார்கள். அடிப்பாகத்துக்குப் புதுத் தண்ணீரா என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். குளிருக்கு முன்பே எண்ணெய் வகைத் துருத் தடுப்பு அடித்து வைத்தால் இன்னும் நல்லது, அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

நிர்வாகம் பற்றி: 1998ஆம் ஆண்டின் ஒன்ராறியோ கொண்டோமினியம் சட்டப்படி விதி வகுக்கும் அதிகாரம் அவர்களின் சபைக்கு இருக்கிறது. 'கார் கழுவக் கூடாது' என்று விதி இருந்தால் வாளியும் அதற்குள் அடங்கலாம். நிலத்தில் சில சொட்டுத்தான் விழும் என்று விளக்கி, மின்னஞ்சலில் அனுமதி கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய வாளித் தண்ணீரைத் தரிப்பிட வடிகாலில் ஊற்றாமல் வீட்டுக் கழிப்பறையில் ஊற்றுங்கள்.

கேள்வி: காரின் தரைக் கம்பளத்தில் வெள்ளை உப்புக் கறை. தனி மருந்து வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். வெள்ளை வினாகிரியும் வெந்நீரும் சம அளவில் கலந்து அடித்து, சில நிமிடம் விட்டு, துவாயால் ஒற்றி எடுங்கள். மறுபடி மறுபடி செய்ய வேண்டி வரும். அந்தக் காசில் விளிம்பு உயர்ந்த ரப்பர் விரிப்பு வாங்குங்கள்.

கேள்வி: கழுவிய மறுநாள் வெளியே நிறுத்தினேன், கதவு திறக்கவில்லை. கழுவும் இடத்தில் ஏதும் பிழை செய்திருப்பார்களா?

பதில்: கதவு ரப்பரில் நின்ற தண்ணீர் உறைந்திருக்கும், அவ்வளவுதான். இழுத்துப் பறிக்காதீர்கள், ரப்பர் கிழியும். கதவை விளிம்பைச் சுற்றி உள்ளங்கையால் அமுக்கினால் பனி உடையும். வெந்நீர் ஊற்ற வேண்டாம், அது திரும்ப உறையும்; குளிர்ந்த கண்ணாடியில் பட்டால் வெடிக்கவும் கூடும். அடுத்த முறை கழுவியதும் நாலு கதவையும் திறந்து ரப்பரைத் துடைத்து, சிலிக்கோன் ஸ்பிரேயைத் துணியில் அடித்துப் பூசுங்கள். எண்ணெய் பூச வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும்.