மெட்டாவின் வி.ஆர். ஹெட்செட்டான (தலையில் மாட்டிக்கொண்டு மெய்நிகர் உலகைப் பார்க்கும் கருவி) குவெஸ்ட் 2 மலிவாகக் கிடைக்கிறது; வாங்கலாமா, பணம் சேர்த்து குவெஸ்ட் 3 வாங்கலாமா?

சேர்த்து வாங்குங்கள் என்பேன். புதிய சிப்பைவிட லென்ஸ்தான் அதற்கு முக்கியக் காரணம்.

2020-இல் வந்த குவெஸ்ட் 2-இல் இருப்பது ஃபிரெனெல் லென்ஸ். அதன் பரப்பில் வட்டவட்டமாக வரிகள் ஓடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் அந்த வரிகளில் பட்டு வெளிச்சம் கீற்றுக் கீற்றாகச் சிதறும். ஓரத்தில் இருப்பதைப் படிக்கக் கண்ணை உருட்டினால் போதாது, தலையையே திருப்ப வேண்டும். 2023-இல் வந்த குவெஸ்ட் 3-இன் வரிகளற்ற பான்கேக் லென்ஸில் ஏறக்குறைய ஓரம் வரை எழுத்து கூர்மையாக நிற்கிறது. கேமரா வழியாக வெளியுலகமும் வண்ணத்தில் தெரிவதால், கழற்றாமலே மேசையில் இருக்கும் தண்ணீர் டம்ளரை எடுத்துவிடலாம். பழையதில் எல்லாம் மங்கிய கறுப்பு வெள்ளைதான்.

எடை குறையும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பழையது 503 கிராம், புதியது 515.

2024-இல் வந்த 3எஸ் இடைவழி. சிப் புதியது, லென்ஸ் பழைய ஃபிரெனெல். பெயரில் இருக்கும் 3-ஐ மட்டும் பார்த்து வாங்கிவிட்டு ஏமாற வேண்டாம்!

எப்போதாவது விளையாட மட்டும் என்றால் குவெஸ்ட் 2 போதும். ஆனால் புதிய விளையாட்டுகள் சில அதில் இயங்குவதே இல்லை. ஒருவர் பயன்படுத்திய பழையதை வாங்கினால், முழு வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். கரும்புள்ளியோ மஞ்சள் கோடோ தெரிந்தால் லென்ஸ் வழியாக வெயில் விழுந்து திரையைச் சுட்டிருக்கக்கூடும். அதைத் தொடவே வேண்டாம்.