விண்டோஸ் 11-க்கு மாறும்போது புரோகிராம்களும் கோப்புகளும் அப்படியே இருக்க: கேள்வி பதில்

கேள்வி: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதே, 11-க்கு மாற்றினால் நான் போட்டு வைத்திருக்கும் கணக்கு மென்பொருள் எல்லாம் போய்விடுமா?

பதில்: போகாது. ஆனால் எங்கிருந்து தொடங்குகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பலர் விண்டோஸ் 11 செட்டப் உள்ள பென்டிரைவில் இருந்து கணினியைத் தொடங்கி (பூட் செய்து) இன்ஸ்டால் செய்கிறார்கள், அந்த வழியில் புரோகிராம்களைக் காப்பாற்றும் வாய்ப்பே கிடையாது. விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே பென்டிரைவைத் திறந்து, உள்ளே இருக்கும் செட்டப் கோப்பை டபுள் கிளிக் செய்யுங்கள். கடைசியில் எதை வைத்துக்கொள்வது என்று ஒரு திரை வரும்: கோப்புகளும் புரோகிராம்களும், கோப்புகள் மட்டும், ஒன்றுமே வேண்டாம். அங்கே ஒரு நிமிடம் நிதானமாகப் படித்து முதலாவதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: அந்த முதல் வாய்ப்பு எனக்கு மங்கலாக இருக்கிறது, கிளிக் ஆகவில்லை.

பதில்: அப்படியே மேலே போகாதீர்கள், செட்டப்பை மூடிவிடுங்கள். பெரும்பாலும் மொழிதான் காரணம். உங்கள் விண்டோஸ் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இருந்து, இறக்கிய கோப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால்கூட இப்படி ஆகும். சரியான மொழியில் மறுபடி இறக்குங்கள். எடிஷன் (ஹோம், புரோ போன்றவை) பொருந்தாவிட்டாலும் இதே கதைதான். இன்னொன்று, உங்களுடையது 32 பிட் விண்டோஸ் 10 என்றால் வழியே இல்லை, 11 என்பது 64 பிட் மட்டும்தான், புதிதாகத்தான் போட வேண்டும்.

கேள்வி: விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி என் கணினியில் இல்லை என்கிறது. கணினி அவ்வளவு பழையதும் இல்லை.

பதில்: இல்லை என்பதைவிட, அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் கணினி அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள், இன்டெல் என்றால் பிடிடி என்றும் ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்றும் இருக்கும். ஆனால் அதைத் தொடுவதற்கு முன்னால், டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிடுங்கள். இதைச் செய்யாமல் பயாஸை மாற்றினால் அடுத்த முறை கணினி அந்தக் கீயைக் கேட்டு நிற்கும், கீ கையில் இல்லாவிட்டால் டிஸ்கில் உள்ள எதையும் திறக்க முடியாது.

கேள்வி: எல்லாம் அப்படியே இருக்கும் என்றால் பேக்கப் எதற்கு?

பதில்: பாதியில் மின்சாரம் போகலாம், பழைய ஹார்ட் டிஸ்க் அன்றைக்கே உயிரை விடலாம். தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள். வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து, இரண்டு மூன்று கோப்புகளை வேறு கணினியில் திறந்து பார்த்து, அப்புறம் அந்த டிஸ்கைக் கழற்றி வையுங்கள். டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை எடுத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். கணக்கு மென்பொருள்கள் தங்கள் டேட்டாவை சி டிரைவில் தனி ஃபோல்டரில் வைப்பதுண்டு, அவுட்லுக் மெயில் ஒரு பிஎஸ்டி கோப்பில் கிடக்கலாம், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் இருக்கின்றன, பணம் கொடுத்து வாங்கிய மென்பொருள்களின் லைசென்ஸ் எண்களும் இருக்கின்றன. நல்ல புகைப்படங்களெல்லாம் டெஸ்க்டாப்பிலேயே கிடக்கும், அதையும் பாருங்கள்.

கேள்வி: விண்டோஸ் 7-இல் இருந்து நேராக 11-க்கு?

பதில்: புரோகிராம்களோடு முடியாது. முதலில் 10, பிறகு 11. அந்தக் காலத்துக் கணினி பெரும்பாலும் 11-இன் தகுதிக்கே வராது.

கேள்வி: ஒரு மணி நேரமாக ஒரே சதவீதத்தில் நிற்கிறது, அணைத்துவிடவா?

பதில்: வேண்டாம். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம், இரவு முழுக்க விட்டாலும் தவறில்லை. தோற்றுப்போனால் பெரும்பாலும் தானாகவே பழைய விண்டோஸுக்குத் திரும்பிவிடும். அடுத்த முறை பிரின்டர் உட்பட யூஎஸ்பி சாமான்களைக் கழற்றிவிட்டு, வேறு நிறுவன ஆன்டிவைரஸையும் நீக்கிவிட்டு முயன்று பாருங்கள்.

கேள்வி: மாறிய பிறகு பிடிக்கவில்லை என்றால்?

பதில்: 10 நாட்களுக்குள் செட்டிங்ஸில் ரெகவரி பக்கம் போய்த் திரும்பலாம். பழைய விண்டோஸ் சி டிரைவில் விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டரில் இருக்கிறது, இடம் போதவில்லை என்று அதை அழித்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். திரும்பும்போது, மாறிய பிறகு போட்ட புரோகிராம்கள் நீங்கிவிடும். அதனால் முதல் வாரத்திலேயே முக்கியமான மென்பொருள்களை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு பிரின்டும் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.