மாதாமாதம் வருவது வட்டியா, முதலா?

கேள்வி: வயது 61. ஓய்வுக்காலப் பணத்தில் 15 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. வளரும் நாடுகளின் கடன் பத்திரங்களை வாங்கும் வெளிநாட்டு ஃபண்டில் போட்டால், ஆண்டுக்கு 9 சதவீதக் கணக்கில் மாதாமாதம் பணம் வரும் என்கிறார் ஏஜென்ட். போடலாமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: மாதச் செலவுக்கு நம்பியிருக்கும் பணம் என்றால், தயவுசெய்து வேண்டாம். 9 சதவீதம் என்பது ஃபண்ட் கொடுக்கும் தொகை. அவ்வளவையும் அது சம்பாதித்தது என்று அர்த்தமில்லை. ஆண்டுக்கு 1,35,000 ரூபாய் கொடுக்கிறார்கள், ஆனால் பத்திரங்களில் செலவு போக 6 சதவீதம், 90,000 ரூபாய்தான் கிடைத்தது என்று வையுங்கள். மீதி 45,000 உங்கள் முதலிலிருந்தே வருகிறது. மாங்காய் விற்ற காசோடு மரத்தை வெட்டி விற்ற காசையும் சேர்த்து விளைச்சல் என்று எழுதுவது போலத்தான் இது. ஃபண்டின் ஒரு யூனிட் மதிப்பை என்.ஏ.வி. என்பார்கள். ஐந்து ஆண்டுக்கு முந்தைய என்.ஏ.வி.யையும் இன்றையதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். வருடா வருடம் இறங்கியிருந்தால் முதல் கரைகிறது.

அடுத்தது நாணயம். கடன் வாங்கும் நாட்டின் சொந்த நாணயத்தில் வெளியான பத்திரம் 15 சதவீத வட்டி தந்தாலும், அந்த நாணயம் விழுந்தால் வட்டியோடு அசலும் போகும். துருக்கியின் லிரா 2021-ல் மட்டும் டாலருக்கு எதிராக 40 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. விற்க முடியாமல் போவதும் உண்டு: 2022-ல் ரஷ்யா மீது தடைகள் வந்தபோது, ரஷ்யப் பத்திரம் வைத்திருந்த ஃபண்டுகள் வாங்க ஆளின்றித் தவித்தன.

நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்பினால், ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ்., அதாவது அனுப்பும்போதே பிடிக்கும் வரி. உங்களுக்கு 1 லட்சம் பிடிப்பார்கள். வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். வருமான வரிக் கணக்குப் படிவங்களில் ஐ.டி.ஆர்.-1 செல்லாது. ஐ.டி.ஆர்.-2-ல் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும்.

அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி. சேரும்போது உள்ள விகிதம் 5 ஆண்டுக்கு மாறாது. முதலில் அங்கே போங்கள்.

கேள்வி: டாலர் பத்திரம் மட்டும் வாங்கும் ஃபண்ட் என்றால் பயமில்லையே?
- வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: நாணய பயம் குறையும், கடன் வாங்கிய நாட்டின் மேல் உள்ள பயம் குறையாது. திருப்பித் தர அந்த நாட்டிடம் டாலர் இருக்க வேண்டும். இலங்கையிடம் இல்லாமல் போனதால்தான் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியது. ஃபண்டின் மாத அறிக்கையில் எந்த நாட்டில் எத்தனை சதவீதம் என்று இருக்கும். அதைக் காட்டாமல் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள்.