நான்காவது சுற்றில் பிரேக் மிதி தொய்வது ஏன்?

பிரேக் திரவம் கொதிக்கிறது; அதில் உண்டாகும் ஆவிக் குமிழிகள் நசுங்குவதால் மிதி தொய்கிறது. மிதியின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். சாலையில் சரியாக இருந்த மிதி, டிராக்கில் நான்காவது சுற்றில் தரைவரை இறங்கி, ஆறியதும் ஓரளவு திரும்புகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் இதுதான் காரணம்.

திரவம் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 4 (DOT 4 என்ற தர பிரேக் திரவம்) குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 தான். பழைய திரவத்தோடு டிராக்குக்குப் போய் நானும் இப்படிப் பயந்திருக்கிறேன்.

நான்கு சக்கரங்களின் பிரேக்குகளிலும் பழைய திரவத்தையும் அதில் சிக்கிய காற்றையும் வெளியேற்றி, புதிய டாட் 4 ஊற்றி ஓட்டிப் பாருங்கள். மிதி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் பிரேக் பேடைப் பாருங்கள், அது வேறு கோளாறு. அப்புறம், கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள்.

நன்றாக ஆறியபின்னும் தொய்வு இருந்தால் கசிவாகவும் இருக்கலாம். தயவுசெய்து அந்த வண்டியைச் சாலையில் எடுக்காதீர்கள்.