லால்பாக் பாட்டும் கும்பகோணத்துப் பாட்டும்

கேள்வி: கும்பகோணத்தில் கேட்ட குண்டுகரிச்சான் பாட்டு ஒரு மாதிரி, லால்பாக்கில் கேட்பது வேறு மாதிரி. பறவைகளுக்கும் வட்டார வழக்கு உண்டா? அது மாறுமா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: பாட்டைக் கேட்டுப் பழகும் பறவைகளுக்கு உண்டு. குயில் அந்த வகையில் சேராது. காக்கைக் கூட்டில் வளர்ந்தாலும் பிறவியிலேயே வந்த குரலில்தான் கூவும். குண்டுகரிச்சான் கேட்டுக் கற்கும் பறவை. ஆனால் ஒரே ஆண் பறவைக்குப் பல மெட்டுகள் தெரியும், மற்ற பறவைகளின் குரலையும் சேர்த்துக்கொள்ளும். ஆகவே ஊருக்கு ஒரு பறவையைக் கேட்டுவிட்டு வழக்கு என்று முடிவு கட்டாதீர்கள். ஓர் ஊரில் பத்துப் பறவையாவது வேண்டும்.

குஞ்சுகள் சுற்றுவட்டாரத்தில் அதிகம் கேட்கும் மெட்டையே பிடித்துக்கொண்டால் வழக்கு தலைமுறை தலைமுறையாக நிலைக்கும். 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனிலிருந்து நியூசிலாந்துக்குக் கொண்டுபோன எல்லோஹாமர் பறவைகளிடம், பிரிட்டனில் இன்று கேட்காத பாட்டுவகைகள் இன்னும் இருக்கின்றன. கனடாவிலோ நேர்மாறு. அங்கே வெண்தொண்டைச் சிட்டின் பாட்டு முன்பு மூன்று மூன்று சுரமாக முடிந்துவந்தது. மேற்கே சில பறவைகள் இரண்டிரண்டாக முடிக்கத் தொடங்க, 2000 முதல் 2019-க்குள் அது 3,000 கி.மீ.க்கு மேல் கிழக்கே பரவிப் பழைய முடிவைப் பெருமளவு ஓரங்கட்டிவிட்டது. குளிர்காலத்தில் இருபக்கத்துப் பறவைகளும் ஒரே இடத்தில் தங்கும்போது கற்றுக்கொண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

கேள்வி: பெங்களூரில் மாறுகிறதா என்று நாங்களே பதிவு செய்து பார்க்கலாமா?
– வாசகர், ஜெயநகர்

பதில்: அவசியம் செய்யுங்கள். மார்ச் முதல் ஜூன் வரை, விடியற்காலையில், ஒவ்வொரு ஆண்டும் அதே இடத்தில். கைப்பேசிப் பதிவுச் செயலியில் வேவ் (WAV) கோப்பு வடிவம், மாதிரி வீதம் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்று வையுங்கள். இரைச்சல் குறைப்பையும் தானியங்கி ஒலி அளவையும் அணைத்துவிடுங்கள், இரண்டும் பாட்டையே சிதைக்கும். ஒரு பறவைக்கு ஐந்து நிமிடம் பதியுங்கள். முடிந்ததும் தேதி, நேரம், இடத்தை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள், பிற்பாடு கோப்பின் பெயர் மாறினாலும் குழப்பம் வராது. பறவையை வரவழைக்க அதன் பாட்டை ஒலிக்கவிட வேண்டாம். எதிரி வந்துவிட்டதென்று எண்ணி அது வேறு விதமாகப் பாடும், கூட்டு வேலையும் கெடும்.

பதிவை ரேவன் லைட் மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராமாக, அதாவது சுருதி நேரத்தோடு ஏறி இறங்குவதைக் காட்டும் படமாகப் பார்க்கலாம். இங்கேதான் பலர் வழுக்குவது: வண்டிச் சத்தம் பெரும்பாலும் 2 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே குவிந்து, பாட்டின் கீழ்ச்சுரங்களை மூடிவிடும். படத்தில் பறவை உச்சத்தில் பாடுவதாகத் தோன்றும். அதே பறவையைச் சாலை அடங்கியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை விடியலிலும் பதிந்து ஒப்பிடுங்கள். அப்போதும் கீழ்ச்சுரம் இல்லையென்றால்தான் மாற்றம் என்று குறித்துக்கொள்ளலாம்.