இலங்கையின் மூதூர் நூலகத்துக்கு ஈ-ரேட் கிடைக்குமா? நிரப்பிய படிவம் ஏன் பாதியில் நிற்கிறது?

கிடைக்காது. நீங்கள் கேட்கும் ஈ-ரேட் இணையக் கட்டணத்தைக் குறைக்கும் அமெரிக்க அரசின் திட்டம், அமெரிக்கப் பாடசாலைகளுக்கும் நூலகங்களுக்கும் மட்டும்தான். அந்நாட்டின் 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தோடு வந்தது, கட்டணத்தில் 20 முதல் 90 சதவீதம் வரை கழிவு. உங்கள் படிவம் பாதியில் நிற்பதும் அதனால்தான் இருக்கும், அங்கே பதிந்த இலக்கம் இல்லாமல் அது நகராது.

உங்கள் நூலகம் பிரதேச சபையுடையது என்றால் காசையும் அங்கேதான் கேட்க வேண்டும். முதலில் சபையின் பாதீட்டை வாங்கி, நூலகத்துக்குக் கீழே இணையக் கட்டணம் என்று தனியாக ஏதும் போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையா, அடுத்த வருடப் பாதீடு நிறைவேறும் முன் கடிதம் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, ரவுட்டரும் கேபிளும் யாராவது அன்பளிப்பாகத் தருவார்கள், மாத பில்லை யாரும் ஏற்கமாட்டார்கள். சாதாரண தரப் பரீட்சை நேரத்தில் இணைப்பை வெட்டினால் பிள்ளைகள் பாவம், அதனால் பில்லைத் தனியாகக் கேட்டு எழுதுங்கள்.