அழித்தாலும் திரும்ப வரும் செக் என்ஜின் லைட்

கேள்வி: என்னுடையது பிஎஸ்4 பெட்ரோல் ஹேட்ச்பேக், 72,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வீடு குமுளியில், வியாபாரத்துக்காக அடிக்கடி கம்பம் இறங்கி ஏறுவேன். மூன்று மாதமாக செக் என்ஜின் லைட் எரிகிறது. ஒர்க்ஷாப்பில் ஸ்கேனர் போட்டு, பி0420 என்ற பிழைக் கோடு (code) விழுந்திருக்கிறது என்று சொல்லி அழித்துக் கொடுக்கிறார்கள், சில நாளில் திரும்ப வந்துவிடுகிறது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை மாற்ற வேண்டும், நாற்பதாயிரம் ஆகும் என்கிறார்கள். லோயர் கேம்ப் தாண்டி ஏறும்போது வண்டி லேசாக உதறுகிறது, காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்தாலும் கொஞ்ச நேரம் நடுக்கம் இருக்கிறது. பிளக் இதுவரை மாற்றியதில்லை. கன்வர்ட்டரை மாற்றிவிடலாமா சார்?
– வாசகர், குமுளி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்த நாற்பதாயிரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று இருக்கும். உங்கள் வண்டி மாதிரி பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் முன் சென்சாரின் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்கும், அது இயல்பு. கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்தால் பின் சென்சார் கிட்டத்தட்ட ஆடாமல் நிற்கும். அதுவும் சேர்ந்து ஆடத் தொடங்கினால் ஈசியூ, அதாவது என்ஜினின் கம்ப்யூட்டர், பி0420-ஐப் பதிவு செய்கிறது. அந்தப் பிழைக் கோடுக்கு அர்த்தம் அவ்வளவுதான், ஏன் ஆடுகிறது என்பதை நாம்தான் தேட வேண்டும்.

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த உதறலில்தான் எனக்குச் சந்தேகம். ஏற்றத்தில் என்ஜின் மேல் லோடு கூடும்போது பிளக்கில் தீப்பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும், பிளக் தேய்ந்திருந்தாலோ, அதற்குக் கரண்ட் கொடுக்கும் காயில் சோர்ந்திருந்தாலோ அங்கேதான் மிஸ்ஸிங் அடிக்கும், அப்படி எரியாமல் போன பெட்ரோல் நேராகக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, உள்ளே இருக்கும் பீங்கான் கூட்டையே உருக்கிவிடும். மிஸ்ஸிங்கைச் சரி செய்யாமல் புதுசு வாங்கிப் போட்டால் அதற்கும் இதே கதிதான்.

அதனால் அடுத்த முறை பிழைக் கோடு எண்ணை அழிப்பதற்கு முன்னால் ஃப்ரீஸ் ஃபிரேமைக் காட்டச் சொல்லுங்கள். பிழைக் கோடு விழுந்த நேரத்தில் ஆர்பிஎம், வேகம், லோடு, கூலன்ட் சூடு எல்லாம் எவ்வளவு என்று அதில் இருக்கும். பெண்டிங் பகுதியில், அதாவது இன்னும் உறுதியாகாத கோடுகள் இருக்கும் இடத்தில், மிஸ்ஸிங்கைக் குறிக்கும் பி0300, அல்லது பி0301 முதல் பி0304 வரை ஏதாவது நிற்கிறதா என்றும் பாருங்கள், பி0301 முதல் உள்ளவற்றில் கடைசி எண் எந்த சிலிண்டர் என்பதைச் சொல்லும். அப்புறம் நான்கு பிளக்கையும் கழற்றி வரிசை மாறாமல் ஒரு துணியில் வைக்கச் சொல்லுங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் உள்ளே இறங்குகிறது. வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் கோடு கிழித்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு நீளவாக்கில் ஓடினால், தீப்பொறி முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் தாவுகிறது என்று அர்த்தம், பிளக்கோடு காயிலின் ரப்பர் உறையையும் மாற்ற வேண்டும். காயில் மேல் சந்தேகம் என்றால் அதையும் பக்கத்து சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள், மிஸ்ஸிங்கும் கூடவே அந்த சிலிண்டருக்குப் போனால் குற்றவாளி அதுதான். இதற்குக் காசே ஆகாது. சாதாரண பிளக்கை 72,000 வரை விட்டிருக்கவே கூடாது, முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

கையோடு சைலன்சர் லைனில், என்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயான மேனிஃபோல்டின் இணைப்பைப் பாருங்கள், கரித்தடம் இருந்தால் அங்கே லீக், அதன் வழியாகக் காற்று உள்ளே புகுந்து சென்சாரை ஏமாற்றும். பின் சென்சாரின் ஒயரில் எலிப் பல் பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மலைப்பக்கம் மழைக்காலத்தில் சூடு தேடி எலி வண்டிக்குள் ஏறுவது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. தமிழ்நாட்டுப் பக்கம் விலை குறைவு என்று கம்பத்தில் டேங்கைக் கழுத்து வரை நிரப்பச் சொல்லும் பழக்கம் உங்கள் ஊரில் பலருக்கு உண்டு. ஆட்டோ கட் விழுந்த பிறகும் அடித்தால் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே இறங்கிவிடும், என்ஜின் அதை இழுத்து ரிச்சாக, அதாவது பெட்ரோல் அதிகமாகக் கலந்து, ஓடும், அது கன்வர்ட்டருக்குக் கெடுதல். தயவுசெய்து முதல் ஆட்டோ கட் விழுந்ததுமே நிறுத்தச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு தடவை பிழைக் கோடு எண்ணை அழியுங்கள். கன்வர்ட்டரைச் சோதிக்க ஈசியூவுக்கு நன்றாகச் சூடான என்ஜினும் சீரான வேகமும் வேண்டும், வளைவும் கியர் மாற்றமுமாக இருக்கும் மலைப்பாதையில் அந்தச் சோதனை முடிவதே கடினம். அழித்த பிறகு சில நாள் லைட் வராமல் இருந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கம்பம் தாண்டித் தேனி ரோட்டில் அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு, ஸ்கேனரில் ஈசியூவின் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் ரெடினஸ் பகுதியில் கேட்டலிஸ்ட், அதாவது கன்வர்ட்டர் சோதனை, முடிந்ததா என்று பாருங்கள். முடிந்தும், சூடான என்ஜினை 2,500 ஆர்பிஎம்மில் நிலையாக வைத்தால் பின் சென்சார் இன்னும் ஆடுகிறது என்றால், சரி, அப்போது கன்வர்ட்டரை மாற்றலாம்.

கேள்வி: ஆரியங்காவு ஏற்றத்தில் செக் என்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னுகிறது, சமதளத்துக்கு வந்தால் நிலையாக எரிகிறது. ஓட்டலாமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: நிலையாக எரிந்தால் டெம்பரேச்சரும் ஆயில் லைட்டும் சரியாக இருக்கும்வரை மெதுவாக ஓட்டி ஒர்க்ஷாப் போய்ச் சேரலாம். மின்னினால் கடுமையான மிஸ்ஸிங், கன்வர்ட்டர் அந்த நிமிடமே வெந்துகொண்டிருக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டு ஓரம் கட்டுங்கள், காய்ந்த புல் கிடக்கும் இடத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள், அடியில் இருக்கும் சூட்டுக்கு அது பற்றிக்கொள்ளும். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினால் லைட் அணையும், ஆனால் மெக்கானிக்குத் தேவையான ஃப்ரீஸ் ஃபிரேமும் கூடவே அழிந்துவிடும், அதைச் செய்யாதீர்கள்.